விடு!

எங்கள் ஊர் சோழவந்தான். வைகைக் கரை. எனக்குத் தெரிந்த மீன் என்றால் அயிரை, கெண்டை, விரால், அவ்வளவுதான். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஊத்தாவைச் சேற்றில் அழுத்திக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர். அதற்கு மேல் ஆழத்தில் நான் மீன் பிடித்ததே இல்லை. கடலை முதலில் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில், ராமேஸ்வரத்தில்.

இப்படிப்பட்ட ஆசாமி அறுபது வயதுக்கு மேல் பசிபிக் கடலில், 18 அடிப் படகில் உட்கார்ந்து ஹாலிபட் பிடித்தேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. என் தம்பி இன்றும் "அண்ணன் கதை விடுறாரு" என்பான். விட்டது கதை இல்லை, கயிறு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2012-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் விக்டோரியாவுக்குக் குடிவந்தோம். மகள் அங்கே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஏழு வயது மூத்தவர். மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் ஓர் அலுமினியப் படகு, தள்ளுவண்டி மேல் நின்றிருக்கும். அதைக் கழுவுவதும் துடைப்பதுமாகவே இருப்பார். அவரை நான் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவேன். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அவருடைய கடல் துணைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகிவிட, ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "நாளைக்கு வர்றீங்களா? தனியாப் போக எனக்கு அனுமதி இல்லை." அனுமதி தராதது அரசாங்கம் இல்லை, அவர் மனைவி.

மறுநாளே போக முடியவில்லை. கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டும். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும். சினூக் என்கிற பெரிய சால்மனோ ஹாலிபட்டோ பிடித்து வைத்துக்கொண்டால், அந்த நிமிடமே தேதி, இடம் எல்லாம் உரிமத்தில் குறிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது கிடையாது. கேப்டன் பேனாவைக் கயிற்றில் கட்டிப் படகிலேயே தொங்கவிட்டிருந்தார்.

முதலில் சால்மன் கற்றுக்கொண்டேன். அது ஓடும் படகில் நடக்கும் வேலை. சின்ன மோட்டாரில் ஆள் நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். படகின் ஓரத்தில் ஒரு ராட்டினம், அதில் எஃகுக் கம்பி, கம்பி நுனியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக் குண்டு. நம் தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டி, நூறடி ஆழத்துக்கு இறக்குவோம். மீன் கவ்வியதும் கவ்வி விட்டுக்கொடுக்கும். வளைந்திருந்த கழி சட்டென்று நிமிரும். அதைப் பார்த்ததும் இரண்டு கிழவர்களும் சின்னப் பையன்கள் மாதிரி குதிப்போம். சால்மன் பிடிக்கும் முள்ளில் கொக்கிச் செதில் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும்.

ஹாலிபட் வேறு மாதிரி. அது தவம். கடலடியில் படுத்திருக்கும் தட்டை மீன் அது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர இடது கண் தலையைச் சுற்றி நகர்ந்து வலது பக்கத்துக்கே வந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகப் படுத்து, இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டே கிடக்கும். இதைக் கேட்ட என் மனைவி, "ரிட்டயர் ஆனவங்க மாதிரி" என்றாள்.

அது படுத்திருக்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும். ஹுவான் டி ஃபூக்கா நீரிணையில் கான்ஸ்டன்ஸ் மேடு என்று ஓர் இடம். கடலுக்கு அடியில் இருக்கும் குன்று அது. தெற்கே அமெரிக்காவின் பனிமலைகள், மேற்கே ரேஸ் ராக்ஸ் பாறைகளில் 1860-லிருந்து நிற்கும் கலங்கரை விளக்கம். பார்க்க அழகான இடம்தான். ஆனால் கடலின் ஏற்றமும் வற்றமும் அந்த நீரிணை வழியாகத்தான் போய்வர வேண்டும். தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீரோட்டம் அடங்கும் கொஞ்ச நேரம்தான் ஹாலிபட்டுக்கு உகந்த நேரம். கோடையிலும் தண்ணீர் 10 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கை கால் சீக்கிரம் மரத்துவிடும். என் கிணற்று நீச்சல் எந்த மூலைக்கு?

நங்கூரத்தைப் பற்றி கேப்டன் முதல் நாளே பாடம் எடுத்தார். நங்கூரக் கயிறு எப்போதும் படகின் மூக்கில்தான் இருக்க வேண்டும். பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் படகைப் பின்பக்கமாக இழுத்து முழுக்கிவிடும். கயிற்றோடு ஒரு பெரிய ஆரஞ்சு மிதவை கட்டியிருக்கும். ஆபத்து வந்தால் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மிதவையோடு கயிற்றை அப்படியே கடலில் போட்டுவிட்டு விலக வேண்டும். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். "யோசிக்காதீங்க. கயிறு விலைக்குக் கிடைக்கும்" என்றார்.

2016 மே மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். நீரோட்டம் அடங்கி மறுபடி எடுக்க ஆரம்பித்திருந்தது. கிளம்பலாமா என்று நான் கேட்க வாயெடுத்தபோது அவருடைய கழி குனிந்தது. குனிந்தது என்றால், நுனி தண்ணீரைத் தொட்டது. அவர் முழங்காலைப் படகின் பக்கத்தில் ஊன்றிக்கொண்டார். நரம்பு போய்க்கொண்டே இருந்தது. இவர் கொஞ்சம் சுற்றுவார், மீன் அதைவிட அதிகம் பிடுங்கிக்கொண்டு போகும். ஹாலிபட்டில் பெரியதெல்லாம் அநேகமாகப் பெண் மீன்தான். ஆளைவிட நீளமாக வளரும். நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர், "இப்படி ஒண்ணு எனக்கு மாட்டினதே இல்லை" என்றார். குரல் நடுங்கியது.

அவர் பின்பக்கம் பார்த்து நின்றார். நான் முன்பக்கம் இருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். மரம். அறுத்து மிதக்கவிட்ட கட்டைகள் எங்கோ அவிழ்ந்து இந்தக் கடலில் நிறைய மிதக்கும். இது தென்னை நீளத்துக்கு இருந்தது, வேரோடு. நீரோட்டத்தில் நேராக எங்கள் கயிற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த எடை கயிற்றில் சிக்கினால் படகின் மூக்கு தண்ணீருக்குள் போகும்.

"மரம் வருது" என்று சொன்னேன். "அஞ்சு நிமிஷம்" என்றார் திரும்பாமல். இன்னொரு முறை பார்த்தேன். அஞ்சு நிமிஷம் இல்லை, ஒரு நிமிஷம்கூட இல்லை. நான் கத்தினேன். கயிற்றை அவிழ்த்து, மிதவையைத் தூக்கிக் கடலில் எறிந்தேன்.

படகு சட்டென்று பின்னால் போயிற்று. அதுவரை பின்பக்கம் விறைப்பாக நின்ற நரம்பு தொய்ந்தது. கேப்டன் என்ன நடந்தது என்று புரியாமல் வேகமாகச் சுற்றினார். அதற்குள் படகு நரம்பின் மேலேயே ஏறிவிட்டது. மோட்டாரின் காலில் உரசி, 'டிக்' என்று ஒரு சத்தம். கழி நிமிர்ந்துவிட்டது. சால்மனுக்குக் கழி நிமிர்ந்தால் சந்தோஷம், இங்கே அது சாவு வீடு.

மரம் என்ன ஆயிற்று? அதுதான் சங்கடமே. எங்கள் மிதவைக்கு இருபதடி தள்ளி, அதைத் தொடாமல், தன் வழியே கடந்து போயிற்று.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். "சொன்னேனே, கத்தினேனே" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மிதவையிடம் போய் நங்கூரத்தை எடுத்தோம். கரைக்கு வந்தோம். வழக்கமாகப் படகைக் கழுவும்போது குழாயை என் கையில் கொடுப்பார். அன்று அவரே கழுவினார்.

மூன்று வாரம் பேச்சில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கும் கோபம். வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மனைவி, "அப்படி என்னதான் கத்தினீங்க?" என்றாள்.

"'விடுறேன், கயிறை விடுறேன், பிடிச்சுக்குங்க'ன்னு கத்தினேன்."

"தமிழ்லயா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்த நாட்டில் 27 வருஷம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவன் நான். உயிர் பயம் வந்ததும் வாயில் வந்தது சோழவந்தான் தமிழ். அவருக்கு அது ஏதோ சத்தம், அவ்வளவுதான். முன்கூட்டித் தெரிந்திருந்தால் நரம்பைச் சுற்றத் தயாராக இருந்திருப்பார். பெரிய மீன் மாட்டினால் கயிற்றை விட்டுவிட்டு மீனோடு சேர்ந்து மிதந்து பிடிப்பது அங்கே வழக்கமான முறைதான். கயிற்றை விட்டது தப்பில்லை. அவருக்குப் புரியும்படி சொல்லாததுதான் தப்பு. தப்பு முழுக்க என் பக்கம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மனைவி செய்த கேசரியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்த சிரிப்பில் அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த மீன் எப்படியும் இந்த வருஷம் வெச்சிருக்கிற அளவைவிட நீளமாத்தான் இருந்திருக்கும். அளந்து பார்த்துட்டு விட்டிருக்கணும்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஹாலிபட்டுக்கென்று 1923-லிருந்து கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆணையமே நடத்துகின்றன. இரண்டு நாடும் எவ்வளவு பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் கணக்குப் போடுவார்கள். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்குக் கனடா அரசு நீளத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கும். ஆனால் அவர் அதைச் சொன்னது கணக்குக்காக இல்லை, எனக்காக.

பிறகு கேட்டார்: "அதே மரம் நாளைக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"விட்டுடுவேன்" என்றேன்.

"நல்லது. ஆனா ஒரே வார்த்தை வெச்சுக்குவோம். நீங்க கத்தினதுல சின்ன வார்த்தை எது?"

"விடு."

இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். 'விடு' அவர் வாயில் 'வீடூ' ஆகி, பிறகு ஒருவழியாகச் சரியாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் படகின் ஆபத்துச் சொல் அதுதான். படகில் ஏறும் விருந்தாளிகளுக்கு உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிடும்போதே அதையும் சொல்லிக்கொடுப்பார்.

அந்தச் சொல் நங்கூரத்தோடு நிற்கவில்லை. செப்டம்பரில் கோஹோ சால்மன் வரும். குஞ்சுப் பண்ணையில் பொரித்து விட்டவற்றுக்கு முதுகில், வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அது இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். இருந்தால் காட்டு மீன், பெரும்பாலும் திருப்பி விட வேண்டும். படகோரம் மீன் வந்ததும் நான் குனிந்து பார்ப்பேன். துடுப்பு இருந்தால் கேப்டன் பெருமூச்சோடு "விடு" என்பார். 2019-க்குப் பிறகு ஃப்ரேசர் ஆற்றுச் சினூக்குகள் குறைந்துபோனதால், வசந்த காலத்தில் மாதக்கணக்கில் சினூக்கை வைத்துக்கொள்ளவே தடை வந்தது. அந்த மீனையே நம்பி வாழும் திமிங்கிலக் கூட்டமும் அங்கே எண்பதுக்குள் சுருங்கிவிட்டது. கேப்டன் முணுமுணுப்பார், ஆனாலும் விடுவார். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட்டுச் சாவதற்காகவே ஆற்றுக்குத் திரும்பும் மீன் அது. "அது போற காரியம் நம்ம சாப்பாட்டைவிடப் பெரிசு" என்பார்.

அந்தப் பெரிய ஹாலிபட் மாதிரி பிறகு ஒன்றும் மாட்டவில்லை. இருபது முப்பது பவுண்டில் கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொண்டோம். கன்னச் சதையை மட்டும் அவர் தனியாக வெட்டி என் மனைவிக்கு அனுப்பிவிடுவார். அதில் அவள் வைக்கும் புளிக்குழம்பு ஒரு கிண்ணம் வேலி தாண்டிப் போகும்.

2021-ல் அவருக்குக் கண் பார்வை மங்கியது. மிதவை தெரிகிறது, மரம் தெரியவில்லை என்றார். படகை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவன் முப்பது வயதுப் பையன். மோட்டார், ராட்டினம், நங்கூரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவனுக்குக் காட்டினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக அந்த ஆரஞ்சு மிதவையை அவன் கையில் கொடுத்துச் சொன்னார்:

"கயிறைப் போடறதுக்கு முன்னால சத்தமா ஒரு வார்த்தை சொல்லணும். எங்கே, சொல்லு பார்ப்போம். விடு!"

பையன் 'வீடூ' என்றான்.

"இல்லை, இல்லை" என்று கேப்டன் என் பக்கம் கையைக் காட்டினார். "அவர்கிட்டக் கத்துக்கோ."