நான் சொல்லாமல் விட்டது

எங்கள் வீட்டுக்கு ஒரு மிட்வைஃப் மிஸ் வருவார். அக்குறணையில் எங்கள் ஒழுங்கை செங்குத்தானது. ஒரு கையில் குடையும் தோளில் பையுமாக அவர் ஏறி வருவதைக் கண்டதும் உம்மும்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். அவருடைய பதவியின் பெயர் 'குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர்'. அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நானாவைக் கலியாணம் முடித்து மூதூரிலிருந்து வந்த மதினிக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே நான்தான் இடையில் நின்று மொழிபெயர்ப்பேன். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு 'ஏ' சித்தி எடுத்தவள் என்ற பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் மதினிக்கு ஏழாம் மாதம். மிஸ் வழமைபோலக் கேட்டார்: தலை வலிக்கிறதா, கை கால் வீங்குகிறதா, கண் மங்குகிறதா? நான் மதினியிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ராவையில தலை இடிக்கிது. மோதிரம் கழட்டேலாம ஈக்கிது. கண்ணுக்குள்ள பூச்சி பறக்கிற மாதிரி" என்றார். நான் வாயைத் திறக்குமுன் உம்மும்மா குறுக்கிட்டார்.

"புள்ளத்தாச்சிக்கு வீங்காம என்ன? அதெல்லாம் செல்லத் தேவில்ல. செல்லிட்டா ஆஸ்பத்திரியில பிடிச்சி வெச்சிடுவாங்க."

உம்மும்மா ஐந்து பிள்ளை பெற்றவர். நானோ ஒரு மாணவி. அதோடு இன்னொரு உண்மையையும் எழுத வேண்டும். கண்ணுக்குள் பூச்சி பறப்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒன்றுமில்லை, மிஸ். நல்லா இருக்கிறா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். மிஸ் அதை அப்படியே கர்ப்பிணி அட்டையில் எழுதினார்.

தேத்தண்ணிக் கோப்பையை வைக்க மதினி குனிந்தபோதுதான் மிஸ்ஸின் பார்வை அவருடைய கால்களில் விழுந்தது. அவரை உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மறையவில்லை. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏசவில்லை. "மகள், அவ சொன்னதை எல்லாம் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். இம்முறை தெரிந்த சொல்லைச் சொன்னேன், தெரியாததைக் கையால் காட்டினேன். உம்மும்மா ஒன்றும் பேசவில்லை.

மிஸ் உடனே கடிதம் எழுதித் தந்தார். அன்று பின்னேரமே மதினியைக் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். கர்ப்ப காலத்தில் வரும் உயர் இரத்த அழுத்தம் என்றார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் ஆபத்தில் விழக்கூடிய நோய் அது. சில வாரங்களுக்குப் பிறகு, நாள் நிறையுமுன்பே சத்திரசிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் சுகம். குழந்தையின் இளஞ்சிவப்புச் சுகாதாரப் பதிவேடு இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அந்த "ஒன்றுமில்லை, மிஸ்" என் காதில் கேட்கிறது.

அதன் பிறகு இந்தச் சேவை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. தாயையும் சேயையும் அவர்களுடைய ஊரிலேயே கவனிக்கும் முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவ மாதர்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 2000 தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்தத் தொகை 40க்கும் குறைவு. ஆஸ்பத்திரிகளும் மருந்துகளும் இதற்குக் காரணம்தான். ஆனால், ஒழுங்கை ஏறி வந்து காலைப் பார்த்த கண்களும் ஒரு காரணம் என்பதை நான் நேரில் கண்டேன்.

இன்னொன்றையும் படித்தேன். 1987இல் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1988இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம். அப்படியானால் தன் தலைவலியைத் தன் மொழியிலேயே சொல்லும் உரிமை மதினிக்கு இருந்திருக்கிறது. அது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், கேட்டு விளங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே! மிஸ்ஸை இதில் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான பேர் வாழும் ஒரு பிரிவை அவர் தனியாக நடந்து பார்க்கிறார். தமிழ் பேசுகிறவர்களிலிருந்து போதிய பெண்கள் இந்த வேலைக்குப் போனால்தானே அந்தச் சட்டம் எங்கள் வாசலுக்கு வரும்?

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். டொக்டராக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. போன மாதம் வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "வீடு வீடா நடக்கிற வேலையா, மகள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் உள்ளே இருந்து உம்மும்மாவின் குரல் வந்தது: "அந்தப் புள்ள நடந்து வந்ததாலதானே ரெண்டு உசிரு மிஞ்சிச்சி."

வாப்பா இன்னும் 'சரி' சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

சென்ற வாரம் குழந்தையின் நிறை பார்க்க மிஸ் வந்தார். போகும்போது தன் கொப்பியை என்னிடம் நீட்டினார். தலைவலி, வீக்கம், கண் மங்குது என்ற மூன்று தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்காவதாக, அன்று நான் சொல்லாமல் விட்டதையும் எழுதினேன்: கண்ணுக்குள்ள பூச்சி பறக்கிது.