ஆட்டையாம்பட்டியில் ஐந்து ஊசி

ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். கொண்டலாம்பட்டி, உத்தமசோழபுரம், அரியானூர் என்று பஸ் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும்போது தூரத்தில் கஞ்சமலை கூடவே வருகிறது. ஊருக்குள் பஸ் நின்றதுமே எண்ணெய் காயும் வாசனை மூக்கைத் துளைக்கும். கடைக்குக் கடை கைமுறுக்குப் பொட்டலங்கள். அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை இது. மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுகிற முறுக்கு.

நான் போனது முறுக்குக்காக அல்ல. என் தங்கை மகளை இந்த ஊரில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் கடலூரில் ஆகி, ஐந்தாம் மாதம் குழந்தையை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பேரனைப் பார்த்து நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போன மாசி மாதம் கிளம்பினேன்.

முறுக்கு வாசனையைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். விசைத்தறியின் ஓயாத சடசடப்பு ஒருபக்கம். அதற்கு நடுவே எங்கோ ஒரு வீட்டிலிருந்து நிதானமாக, மனிதர் மூச்சு விடுகிற வேகத்தில், கைத்தறியின் 'டக்... டக்'. சேலம் வட்டாரமே நெசவுக்குப் பேர்போனது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் சேலத்தில்தான் இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டிலும் நடுக்கூடத்தில் ஒரு குழித்தறி.

அந்தத் தறிக்குச் சற்றுத் தள்ளி, சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு சின்ன மெத்தை விரிப்பு. அதன்மேல் எங்கள் பேரன் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, என்னை யாரோ என்று பார்த்தான். நான் பிள்ளையைக் கொஞ்சினேனோ இல்லையோ, என் கண் அந்த விரிப்பிலேயே நின்றது. மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக ஒட்டுத் துணிகள். மேலெல்லாம் வரிசை வரிசையாக நூலோட்டத் தையல். சுற்றிலும் புடவைக் கரையால் பிடித்த ஓரம்.

"ஆயா தைச்சது பெரியம்மா. இவனுக்கு முன்னாடி இந்த வீட்டிலே பொறந்த எல்லாப் பிள்ளைக்கும் ஆயாதான்" என்றாள் என் மகள்.

ஆயா என்றால் மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராட்டையில் தார் சுற்றிய கை. இப்போது முழங்கால் மடங்கவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறார்.

"தறி வீட்டிலே வெட்டுத் துணிக்கா பஞ்சம்? வாங்க அம்மிணி, நாலு நாளு சும்மாவா உக்காந்திருப்பீங்க? நீங்களும் ரெண்டு வரி ஓட்டுங்க" என்று ஊசியை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "எனக்கு வராதுங்க ஆயா" என்று பொய் சொன்னேன்.

சகோதரிகளே, எனக்குத் தைக்க வரும். என் மூத்த மகன் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, என் அம்மாவின் பழைய நூல் புடவைகளை வைத்து ஒரு மெத்தை தைத்தேன். வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் முடித்தேன். விடிந்ததும் ஆசையாகப் பிள்ளையை அதில் போட்டேன். வீல் என்று ஒரு அலறல். துணி நகராமல் இருக்கக் குத்திய குண்டூசிகளில் ஒன்றை எடுக்க மறந்திருக்கிறேன். தொடையில் ஒரு பொட்டு ரத்தம். டாக்டரிடம் ஓடினோம். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மகனுக்கு இப்போது 21 வயது. அவனுக்கு இந்தக் கதையே தெரியாது. ஆனால் அன்றைக்கு மூடிய தையல் பெட்டியை நான் அதற்கப்புறம் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் இதை ஆயாவிடம் சொல்லிவிட்டேன். 'ஐயோ பாவம்' என்று அவர் சொல்லவில்லை. "எத்தனை குண்டூசி குத்துனீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அதானுங்க சங்கதி" என்று தன் பெட்டியைத் திறந்தார்.

அது ஒரு பழைய முறுக்கு டப்பா. மூடியின் உட்பக்கம் சாக்பீஸால் '5' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு சின்னப் பஞ்சுத் திண்டில் ஐந்து ஊசிகள். குண்டூசி ஒன்றுகூட இல்லை. துணி நகராமலிருக்க நீட்டு நீட்டாகக் கச்சாத் தையல் போட்டுக்கொள்வாராம். வேலை தொடங்கும்போது ஐந்தை எண்ணுவது, டப்பாவை மூடும்போது ஐந்தை எண்ணுவது. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் தைத்த துணி பிள்ளை பக்கம் போகும்.

"தறியிலே எண்ணாம என்னங்க நடக்குது?" என்றார் ஆயா. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நூலையே நம்பர் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ, அதுதான் பருத்தி நூலின் நம்பர். 80-ம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டம். நம்பர் ஏற ஏற இழை மெல்லிசு. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கண்ணும் கையும்தான் ஊசியையும் எண்ணுகின்றன.

அன்று சாயங்காலமே ஊசியைக் கையில் எடுத்தேன். ஆயா சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் துணி. குழந்தைக்கு என்றால் பருத்தி மட்டுமே. புதுத் தறித் துணியில் கஞ்சி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து அலசி உலர்த்தினால் கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் முன்னாலேயே சுருங்கிவிடும். ஈரத் துணியை வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். பருத்தியா இல்லையா என்று சந்தேகமா? ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

அளவு சுலபம். 5 அங்குலச் சதுரத் துண்டுகள் 64 வெட்டிக்கொள்ளுங்கள். வரிசைக்கு 8 வீதம் 8 வரிசை. ஓரத்துக்குக் கால் அங்குலம் விட்டு இணைத்தால் ஒவ்வொரு கட்டமும் நாலரை அங்குலமாகி, மொத்தம் 36 அங்குலச் சதுரம் வரும். உள்ளே பழைய நூல் புடவை இரண்டு மடிப்பு. அடியில் பழைய வேட்டி. பஞ்சு அடைக்க வேண்டாம். பஞ்சு துவைக்கத் துவைக்கக் கட்டி தட்டும், ஈரம் சீக்கிரம் காயாது. மடிப்புத் துணியோ ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.

மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கச்சாத் தையல் போடுங்கள். பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி நூலோட்டம். கடைசியில் புடவைக் கரையால் ஓரம் மடித்துத் தைத்து, கச்சாத் தையலைப் பிரித்துவிடுங்கள். பித்தான், மணி, ஜிகினா, ஜரிகை எதுவும் கூடாது. தொங்குகிற நூல்களை ஒட்ட வெட்டுங்கள். பிள்ளையின் கால்விரலில் ஓர் இழை சுற்றி இறுகினால்கூட ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த மெத்தை பிள்ளை விழித்திருக்கும்போது தரையில் போட்டு, நாம் பக்கத்தில் இருந்து விளையாட விடுவதற்கு. தூங்கும் குழந்தையின் மேல் போர்த்துவதற்கு அல்ல. ஒரு வயது ஆகும்வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மெத்தென்ற போர்வையோ தலையணையோ அருகில் இருக்கக் கூடாது, முகத்தை மூடி மூச்சு முட்டும் என்று குழந்தை வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். நம் ஆசைக்காக அதை மீறக் கூடாது.

மிச்சத் துணியும் வீணாவதில்லை. பட்டு, ஜரிகைத் துண்டுகளைச் சுருக்குப் பையாகவும் தாம்பூலப் பையாகவும் மூக்குக் கண்ணாடி உறையாகவும் ஆயா தைத்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பருத்தித் துண்டுகளை நாலு மடிப்பாக்கி அடுப்புக்குப் பிடித்துணி தைக்கிறார். பிடித்துணியில் மட்டும் பாலியெஸ்டர் கலக்கவே கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இது ஆட்டையாம்பட்டிக்கு மட்டும் உரிய கலை அல்ல. தேரில் தொங்கும் தொம்பையும் தேர்ச்சீலையும் வெட்டி ஒட்டித் தைத்த துணிகள்தானே! வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். பீகாரில் சுஜனி. அது பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்றே பழந்துணியில் தைக்கப்பட்டது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து, நாலு மூலையிலும் துணிப் பூ வைத்துத்தான் முடிப்பார்களாம். எங்கே போனாலும் கிழிந்த புடவையைத் தூக்கிப் போட மனம் வராதவள் பெண்தான் போலிருக்கிறது!

மூன்றாம் நாள் சாயங்காலம். ஆயா, என் மகள், நான் மூவரும் ஆளுக்கொரு பக்கம் தைத்தோம். பேரன் தூளியில் தூங்கினான். விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் ஆயா டப்பாவைத் திறந்து எண்ணினார். நாலு.

மறுபடி எண்ணினார். நாலுதான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் கடைசியாகத் தைத்த மூலையில் நூல் தீர்ந்ததும் ஊசியை எங்கே வைத்தேன்? நினைவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய அந்த அலறல் காதுக்குள் கேட்டது.

"யாரும் எந்திரிக்காதீங்க. பிள்ளை முழிச்சாலும் தூளியிலேயே இருக்கட்டும்" என்றார் ஆயா. குரலில் கோபமுமில்லை, பதற்றமுமில்லை. மாப்பிள்ளை பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் எங்கள் மடி, முந்தானை. அப்புறம் தரை. கடைசியில் மெத்தையின் மேல் அங்குலம் அங்குலமாக. நான் தைத்த மூலை வந்ததும் காந்தம் 'டிக்' என்று இழுத்தது. ஓரம் மடித்த கரைக்குள் ஊசி முழுசாக நழுவிப் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆயா ஊசியை உருவித் திண்டில் குத்தினார்.

"பாத்தீங்களா அம்மிணி, ஊசி தொலையறது தப்பில்லீங்க. கையிலே பிடிக்கிற சாமான், நழுவத்தான் செய்யும். தொலைஞ்சது தெரியாம பிள்ளையைப் போட்டுர்றதுதான் தப்பு. நாம எண்ணினோம், தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அந்த மூலையை நீங்களே முடிங்க."

மறுநாள் காலையில் அந்த மூலையை நானே முடித்தேன். ஐந்தையும் எண்ணி, காந்தத்தை இரண்டு பக்கமும் ஓட்டி, துவைத்து வெயிலில் போட்டோம். மத்தியானம் பேரன் அதில் புரண்டு, நான் தைத்த மூலையையே வாயில் வைத்துச் சப்பினான்.

ஊர் திரும்பும்போது என் பையில் இரண்டு பொட்டலம் கைமுறுக்கும் ஒரு கட்டு வெட்டுத் துணியும் இருந்தன. வீட்டுக்கு வந்து பழைய தையல் பெட்டியைத் திறந்தேன். குண்டூசிகளை எல்லாம் எடுத்து விட்டேன். காந்தத்தில் ஒட்டுகிற நல்ல ஊசிகளாக ஐந்தை மட்டும் வைத்து, மூடிக்குள் '5' என்று எழுதினேன். அம்மாவின் புடவைகளில் மிச்சமிருந்த ஒன்றை இப்போது அவிழ்த்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வைகாசியில் பிரசவம்.

உங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் எத்தனை ஊசி இருக்கிறது? இன்றைக்கே ஒரு தடவை எண்ணி எழுதி வையுங்கள்.