எதிரணி இல்லாத மைதானம்

மாலை நேரங்களில் புத்தளத்திலுள்ள எங்கள் மதரஸாவில் ஓதவரும் பிள்ளைகள் இருவகையினர். ஒரு சாரார் அரசாங்கப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் பயில்பவர்கள். மற்றொரு சாரார் மாதந்தோறும் கட்டணம் செலுத்தி, ‘இன்டர்நெஷனல்’ என்று அழைக்கப்படும் தனியார் பாடசாலையில் ஆங்கிலமொழி மூலம் பயில்பவர்கள். ஓதும்போது இந்த வேற்றுமை தெரிவதில்லை. அஸர் தொழுகை முடிந்து, பின்புறமுள்ள வெறுந்தரையில் கிரிக்கெட் ஆட இறங்கினால் தெரிந்துவிடும். அரசாங்கத்துப் பிள்ளைகள் ஓரணி, தனியார் பிள்ளைகள் மறு அணி. யாரும் பிரித்துவிடவில்லை. தாமாகவே அப்படிப் பிரிந்துகொண்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ரன்-அவுட் தொடர்பாகத் தகராறு மூண்டது. வாய்ச்சண்டை வளர்ந்து, ‘இலவசப் புத்தகம்’ என்று ஒருவன் பழிக்க, ‘காசு கட்டிப் பாஸாகிறவன்’ என்று மற்றவன் திருப்பிப் பழித்தான். மறுநாள் இரண்டு தகப்பன்மார் என்னிடம் வந்தனர். “ஹஸரத், இரண்டு பகுதிக்கும் வெவ்வேறு நாள் ஒதுக்கிவிடுங்கள். சச்சரவே இராது” என்றனர். அரசாங்கத்துப் பிள்ளைகளும் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். “அவர்கள் வராவிட்டால் என்ன? நாங்களே இரண்டாகப் பிரிந்து ஆடுவோம்” என்றார்கள்.

நேர அட்டவணை எழுதுவதற்காகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத முடியவில்லை. மர்ஹூம் வாப்பாவின் நினைவு வந்துவிட்டது.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். வாப்பா யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர். அவருடைய இரும்புக்கடைக்கு நாள்தோறும் பத்திரிகை படிக்க வரும் தமிழாசிரியர் ஒருவர் பரி. யோவான் கல்லூரியின் பழைய மாணவர். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். இவ்விரு கல்லூரிகளும் 1904ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்திற்கு ‘வடக்கின் போர்’ என்று பெயர். ஆட்டம் நெருங்கிவிட்டால் எங்கள் கடையில் ஆணி வாங்க வந்தவர்கூட எந்தப் பக்கம் என்று சொல்லாமல் திரும்ப முடியாது.

இவ்விரு கல்லூரிகளும் மிஷன் பாடசாலைகளாகப் பிறந்தவை. மத்திய கல்லூரி வெஸ்லியன் மிஷனாரால் 1816இலும், பரி. யோவான் கல்லூரி ஆங்கிலிக்கன் மிஷனாரால் 1823இலும் தொடங்கப்பட்டவை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்கும் சட்டத்தை இயற்றிற்று. பெரிய பாடசாலைகள் விரும்பினால் தனியாராகவே நீடிக்கலாம். ஆயினும் அரசாங்க நிதி கிடையாது; பிள்ளைகளிடம் கட்டணமும் அறவிடக் கூடாது. மத்திய கல்லூரி அரசாங்கத்தின் பக்கம் சென்றது. பரி. யோவான் கல்லூரி அந்தக் கடின நிபந்தனைகளை ஏற்றுத் தனியாராகவே நின்றது. இவ்வாறு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆடிவந்த இரண்டு மிஷன் பாடசாலைகளில் ஒன்று அரசாங்கப் பாடசாலை, மற்றொன்று தனியார் பாடசாலை என்றாகிவிட்டது.

வாப்பா இதைச் சுவையாகச் சொல்வார்: “நான் சேரும்போது மிஷன் பாடசாலை, வெளியே வரும்போது அரசாங்கப் பாடசாலை. ஆனால் நான் இருந்த வாங்கு மட்டும் மாறவில்லை.”

இருவருக்கும் இதுவே தீராத விவாதம். “எங்களுக்கு அரசாங்கம் இருக்கிறது, உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்பார் வாப்பா. “எங்களுக்குப் பழைய மாணவர் இருக்கிறார்கள், காக்கா. கேட்டால் கொடுப்பார்கள். உங்களுக்கு ஒரு கதிரை உடைந்தாலும் கொழும்புக்கு எழுத வேண்டும்” என்பார் மாஸ்டர். அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருந்ததென்று இப்போது உணர்கிறேன். ஒருவர் பொதுப்பணத்தின் உரிமையைப் பேசினார். மற்றவர் சொந்தக்காலில் நிற்பதன் பெருமையைப் பேசினார். இரண்டும் மதிக்கத்தக்கவைதாம்.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பந்தயம் வைப்பது எங்களுக்கு ஆகாது. ஆகையால், எந்தக் கல்லூரி வெல்கிறதோ அந்தக் கல்லூரிக்காரர் தோற்றவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். வென்றவன் கொடுப்பது, தோற்றவன் குடிப்பது. சிறுவனாகிய எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. “ஏன் வாப்பா, வென்றவர் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்று கேட்டேன். “அவர் வந்து தோற்றதால்தானே மகன், நாம் வென்றோம்?” என்றார்.

ஏழெட்டு வயதில் ஒருமுறை வாப்பாவின் தோளில் அமர்ந்து, மத்திய கல்லூரி மைதானத்தில் அந்த ஆட்டத்தைக் கண்டேன். கொடிகள், பறை முழக்கம், மைதானத்துக்குள் ஓடி ஆடும் பழைய மாணவர்கள், அவர்களை விரட்டும் ஆசிரியர்கள். அருகில், 1981இல் எரியூட்டப்பட்ட பொது நூலகம். யார் வென்றார் என்பது நினைவில்லை. வாப்பாவும் மாஸ்டரும் ஒரே குடையின் கீழ் நின்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பின்னர் காலம் கெட்டது. 1985 ஜூன் மாதம் பரி. யோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் மாணவருக்கும் இராணுவத்தினருக்கும் இடையே நட்புறவு ஆட்டமொன்றை ஒழுங்குசெய்தமையே காரணம் என்று கூறப்பட்டது. அன்று மாஸ்டர் கடைக்கு வந்து, பத்திரிகையை விரிக்காமலே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வாப்பாவும் ஒன்றும் பேசவில்லை. எதிரே நிற்பவனோடு விளையாடலாம் என்று எண்ணுவதே குற்றமாகிவிட்ட காலம் அது.

1990 அக்டோபர் 30ஆம் நாள் ஆயுதம் தரித்தோரின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டே மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலுக்கு வந்து சேர்ந்தோம்.

கடை போனது, வீடு போனது. வாப்பா அவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் மார்ச் மாதம் வந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரிப்பார். “ஆட்டம் நடந்ததா? யார் வென்றது?” என்பார். சொல்வதற்கு ஒருவரும் இருப்பதில்லை. முகாமில் இருந்தவர்கள் யாவரும் எங்களவர்கள். கேலி செய்ய ஒரு யோவான் கல்லூரிக்காரர் இல்லை. எதிரணி இல்லாத ஊர் எத்தனை வெறுமையானது என்பதை வாப்பாவின் முகத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

போர் முடிந்து 2009க்குப் பின் பாதை திறந்தபோது வாப்பாவை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் சென்றேன். வேண்டுமென்றே ஆட்டம் நடக்கும் நாட்களில் சென்றோம். மைதானத்தின் ஓரத்தில் வெண்தலையோடு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வாப்பாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் தாமாகவே சொன்னார்: “அன்றைக்கு நான் படலை வரைக்கும்கூட வரவில்லை, காக்கா. பயந்துவிட்டேன்.”

அந்தச் சொல்லுக்காக நான் இருபது ஆண்டுகள் காத்திருந்தவன். கேட்பதற்கென்று பல கேள்விகளை மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். வாப்பா அவர் கையை விடாமல், “ஓவர் தொடங்குகிறது, பாருங்கள்” என்றார்.

தேநீர் இடைவேளையில் மாஸ்டர் ஒரு பழைய கொப்பியை எடுத்தார். ஆட்டம் நடைபெற்ற ஆண்டுகளின் முடிவுகளையெல்லாம் குறித்து வைத்திருந்தார். கணக்குக் கூட்டி, யார் யாருக்கு எத்தனை தேத்தண்ணி பாக்கி என்று சொன்னார். வாப்பா அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இருவரும் உரத்த குரலில் வாதிட்டார்கள். அருகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வாப்பா உரத்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

இத்தகைய வாதங்கள் தீராமலிருப்பதே நன்று போலும். கொழும்பில் அரசாங்கப் பாடசாலையாகிய றோயல் கல்லூரியும் தனியார் பாடசாலையாகிய பரி. தோமையர் கல்லூரியும் 1880 முதல் ஆடிவருகின்றன. 1885இல் றோயல் 9 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது, ஆட்டம் முற்றுப்பெறவில்லை. தோமையர் அதை வெற்றி என்கின்றனர். றோயல் அதை வெற்றி தோல்வியற்ற ஆட்டம் என்கின்றது. நூற்றாண்டு கடந்தும் இரு பகுதியாரும் தத்தம் கணக்கையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக அடுத்த ஆண்டு மைதானத்துக்கு வராமல் இருந்ததில்லை.

அட்டவணைத் தாளுக்கு முன் அமர்ந்திருந்தபோது இவையெல்லாம் நெஞ்சில் ஓடின. ஆயினும் ஒன்றை நான் மறைக்க இயலாது. மத்திய கல்லூரிக்கும் யோவான் கல்லூரிக்கும் இருந்த சமநிலை எங்கள் பிள்ளைகளிடம் இல்லை. அங்கே இரு பக்கத்தும் கட்டணமின்றியே படித்தார்கள். ஒரே பரீட்சையே எழுதினார்கள். இங்கே ஒருவன் கொண்டுவரும் மட்டையின் விலை, மற்றவன் தகப்பனின் பல நாட்கூலி. அந்த வேற்றுமையைக் கண்டுகொள்ளாமல், ‘சேர்ந்து விளையாடுங்கள்’ என்று நான் சொல்வது வெறும் உபதேசமாகவே முடியும். பணத்தால் வரும் மேலாண்மை மைதானத்துக்குள்ளும் நுழைந்துவிட்டால், தோற்பவனுக்குத் தோல்வி கற்பிப்பது ஒன்றுமில்லை. வெல்பவனுக்கும் வெற்றி கற்பிப்பது ஒன்றுமில்லை.

ஆகவே அட்டவணையை எழுதாமல், மதரஸா நிதியிலிருந்து இரண்டு மட்டைகளும் சில பந்துகளும் வாங்கினேன். மைதானத்தில் அவை மட்டுமே பயன்படுத்தப்படும். வீட்டு மட்டைகள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். வேறு நாள் கேட்ட தகப்பன்மாரிடம், “நாளை இவர்கள் ஒரே ஊரில் கடை வைக்கப் போகிறவர்கள். ஒரே ஜமாஅத்தில் நிற்கப் போகிறவர்கள். ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கவும் பழகட்டும், பிரிந்து நிற்க வேண்டாம்” என்று சொன்னேன். ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் தம் பிள்ளையை இன்னும் அனுப்பவில்லை.

வாப்பாவின் விதியையும் சேர்த்தேன். வென்ற அணி, தோற்ற அணிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடித்தார்கள். இப்போது, “நாளைக்கு நீங்கள்தான் ஊற்ற வேண்டிவரும்” என்று சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள்.

அந்த ரன்-அவுட் தகராறு மட்டும் இன்னும் தீரவில்லை. தீர்த்துவைக்கும்படி என்னிடம் கேட்டார்கள். நான் அன்று மைதானத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.