நாலாயிரம் வாட் மாப்பிள்ளை

கல்யாணத் தரகர்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. தீபாவளி மாதத்தில் போனஸும் ஓவர்டைமும் சேர்ந்து பையன் வாங்கிய தொகையை, "மாதம் இவ்வளவு சம்பளம்" என்று பெண் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதைச் சுத்தப் பொய் என்று தள்ள முடியாது. ஒரு மாதம் வாங்கினான் அல்லவா? ஆனால் மற்றப் பதினொரு மாதமும் குடித்தனம் நடத்த வேண்டியவள் அந்தப் பெண்தான்.

ஆம்ப்ளிபையர் விளம்பரம் எழுதுகிறவர்களில் சிலர் இந்தத் தரகர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று தோன்றுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆடி மாதம் என்றால் எப்படி என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் முதல் முட்டுச்சந்து அம்மன் வரையில் திருவிழாதான். கூழ் வார்க்கிற இடத்தில் மைக் செட் இல்லாமல் இராது. எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் இளைஞர், ஆடிக்கு முன்னால் ஒருநாள் விளம்பரத் தாளும் கையுமாக வந்தார்.

"நாலாயிரம் வாட் சார்! கோயில் கமிட்டியில எல்லாரும் பெரிய செட்டுதான் கேக்கறாங்க. கீழே பொடி எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கான், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அதை வாங்குவதாகத் தீர்மானம்.

படித்தேன். 'பீக்' என்றிருந்தது. அதாவது, கண நேரம் எட்டிப் பார்த்து மறையும் உச்சம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சந்தையில் 'ஆர்.எம்.எஸ்.' என்கிறார்கள். அதுதான் மாதா மாதம் கைக்கு வரும் சம்பளம். சீரான ஒரு ஸ்வரத்தை வைத்து அளந்தால் உச்சம் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே 4000 என்பது 2000 ஆயிற்று. அதுவும் இரண்டு சானலும் சேர்ந்து. ஒன்றுக்கு 1000. அதுவும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு. நம்மவருடைய ஸ்பீக்கர்களோ 8 ஓம். ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. தடை இரட்டித்தால் சக்தி ஏறக்குறையப் பாதி. கடைசியில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 500 மிஞ்சியது.

"மிச்சமெல்லாம் எங்கே சார் போச்சு?"

"இருந்தால்தானே தம்பி போவதற்கு? பிளக்கைப் பாருங்கள். 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். அவ்வளவுதான் தொடர்ந்து உள்ளே போகலாம் என்றால், வெளியே 4000 எப்படித் தொடர்ந்து வரும்?"

உள்ளே கெப்பாசிடர்களில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒரு கணம் கை கொடுக்கும், வாஸ்தவம். தீபாவளி போனஸும் அப்படித்தான்.

இந்தத் தரகு நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிபையர்களின் வாட் எண்ணை இப்படித்தான் அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1974-ல் அரசாங்க ஆணையமே விதி செய்ய நேர்ந்தது.

"என் பழைய பெட்டி 250 சார். இது 500-ன்னாலும் சத்தம் ரெட்டிப்பாகுமே?"

ஆகாது. காது அவ்வளவு சுலபத்தில் மசிகிற பேர்வழி அல்ல. சக்தி இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். "கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே" என்று காது சொல்லும். சத்தம் இரு மடங்காகத் தோன்றுவதற்குச் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆனால் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் ஸ்பீக்கரை மாற்றி 98 தருவதை வைத்தால், பழைய ஆம்ப்ளிபையரே புதியதன் வேலையைச் செய்துவிடும். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தி வைக்க அடகுக் கடை எதற்கு?

அவர் தாளை மடித்தார். "எல்லாம் புரியுது சார். ஆனா கமிட்டியில டெசிபலா கேக்கறாங்க? நம்பரைத்தானே கேக்கறாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் டெசிபலைத்தான் கேட்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. ஆனால் வாடகை கொடுப்பது சட்டம் அல்லவே!

அவர் நல்ல ஸ்பீக்கர் இரண்டை மட்டும் தவணையில் வாங்கினார். வாட் எத்தனை என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார். அந்த ஆடியில் இரண்டு கோயில்கள் நாலாயிரம் வாட்காரரைத் தேடிக்கொண்டு போய்விட்டன. சங்கிலி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.