நிற்பதும் நகர்வதும்

திருத்தித் தரும்படி என்னிடம் வந்த எக்செல் தாள், ஓர் அச்சு இயந்திரத்தின் தேய்மானக் கணக்கு. விலை 1,00,000 ரூபாய். குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு. ஏழாம் ஆண்டின் இறுதியில் தாள் காட்டிய மதிப்போ சுழிக்கும் கீழே 5,000! ஏட்டில் மதிப்பில்லை என்பதால் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடும் பேச்சும் எழுந்திருந்தது.

சூத்திரத்தில் விகிதத்தின் கட்டத்தோடு, தொடக்க மதிப்பின் கட்டத்தையும் டாலர் குறியிட்டுப் பூட்டியிருந்தார்கள். ஆகவே ஆண்டுதோறும் முதல் விலையிலிருந்தே 15,000 கழிந்துகொண்டிருந்தது. மதிப்பின் பூட்டை மட்டும் அவிழ்த்தேன். 85,000, 72,250 என்று இறங்கி, ஏழாம் ஆண்டில் ஏறத்தாழ 32,058-இல் நின்றது.

இம்முறையில் மதிப்பு சுருங்குமேயன்றிச் சுழியாவதில்லை. விகிதம் நிற்க வேண்டும். மதிப்பு நகர வேண்டும். இவ்வேறுபாட்டை ஒரு சிறு குறி அழித்துவிட்டால், உழைத்துக்கொண்டிருப்பதையும் ஏடு உதவாததென்று எழுதிவிடுகிறது.