கொமுட்டரில் வந்த அழைப்பு

நேத்து கிள்ளான்லேர்ந்து கேஎல் சென்ட்ரல் போற கொமுட்டர்.
பக்கத்துல அக்கா மகன். வயசு 13. இந்த வருஷம்தான் படிவம் 1.

ஃபோன் அடிச்சது. பாட்டி.
எதிர்ல அவன் வயசுப் பையன்கள் நாலு பேர்.

"நந்தி சாயா கால் பாலிக்" (அப்புறம் கூப்பிடறேன்)னு முணுமுணுத்துட்டு வச்சுட்டான்.
பாட்டிகிட்ட மலாய்ல!

"ஏன்டா?"
"எல்லாரும் பார்ப்பாங்க சின்னம்மா."

ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி மேடையில முழங்கின பையன். இடைநிலைப்பள்ளிக்குப் போன சில மாசத்துலயே குரல் சுருங்கிடுச்சு.

திட்ட மனசு வரலை. 13 வயசுல நானும் பொட்டை அழிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்.

'ஜகாட்' ஞாபகம் வந்துச்சு. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 2015 படம். தலைப்பே 'கெட்ட'ங்கிற அர்த்தமுள்ள மலாய்ச் சொல், நம்ம வாயில மாறினது. அதுல வர்ற 12 வயசுப் பையன் அப்போய்க்குள்ள அவ்வளவு கற்பனை. அதை வீடும் பார்க்கலை, பள்ளியும் பார்க்கலை.

"தைரியமா இரு"ன்னு சொன்னா தைரியம் வராது.
பக்கத்துல ஒருத்தர் இருந்து காட்டணும்.

என் ஃபோனை எடுத்தேன்.
"அம்மா, சாப்பிட்டீங்களா?" இயல்பான குரல்ல, தமிழ்ல.
யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதை அவன் கவனிச்சான்.

இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில நடக்கும்போது அவனே பாட்டிக்கு அடிச்சான். வாய் நிறையத் தமிழ்.

சந்தோஷம்தான். ஆனா அங்க சுத்தியும் நம்ம குரல்தான்.
தைரியம் தேவைப்படறது வகுப்பறையில, கேண்டீன்ல.
அங்க நாம கூட இருக்க மாட்டோமே.

உங்க பிள்ளைங்களுக்கு இந்தத் தைரியத்தை எப்படிச் சொல்லிக் குடுக்குறீங்க?