தொட்டி விடும் மூச்சு

ராக்போர்ட், பிப்ரவரி 11

டெக்ஸாஸின் வளைகுடாக் கரையில் ஏற்றம் என்று ஒன்று இருக்குமானால் அது பாலங்களில்தான் இருக்கும். ஹூஸ்டனிலிருந்து 35-ஆம் எண் சாலையில் வரும்போது வழிநெடுகத் தரை சமதளமாகவே கிடக்க, ஊருக்குச் சற்று முன்னால் கொபானோ விரிகுடாவைக் கடக்கும் பாலம் மட்டும், படகுகள் அடியில் போகவேண்டும் என்பதற்காக நடுவில் உயர்ந்து நிற்கிறது. அந்த உயரத்தில் ஏறும்போதுதான் எங்கள் மோட்டார் ஹோம் அதுவரை காட்டாத ஒரு தளர்ச்சியைக் காட்டிற்று. புகை இல்லை, விபரீதமான சத்தம் இல்லை, உஷ்ணமானியின் முள்ளும் தன் இடத்தை விட்டு அசையவில்லை; ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்து, மறுபக்கம் இறக்கத்தில் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. டீசல் யந்திரத்தோடு பழகினவர்களுக்கு இந்த லட்சணம் ஒன்றே போதும். யந்திரத்தில் குறை ஒன்றுமில்லை. அதற்குப் போய்ச் சேரவேண்டிய டீசல் போதிய அளவு சேரவில்லை.

வண்டி 1996-இல் கட்டப்பட்டது. அதன் பின்புறத்தில், நாங்கள் படுத்துறங்கும் கட்டிலுக்கு நேர் கீழே, கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர், பன்னிரண்டு வால்வு யந்திரம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் தயவு எதுவும் இல்லாமல், பாஷ் பம்ப் ஒன்றின் உபயத்தால் லட்சக்கணக்கான மைல் ஓடக்கூடியது என்று பெயர் வாங்கிய ஜாதி அது. அந்தப் பம்பின் உள்ளே இருக்கும் பிளஞ்சர்களுக்கும் அவற்றின் உறைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. அந்த இடைவெளியில் மசகாக நிற்பதும் டீசலேயன்றி வேறு எண்ணெய் அன்று. ஆகவே டீசலில் நீர் கலந்தால், அது எரியாது என்பது ஒரு குற்றம். மசகாக நிற்காமல் உருக்கை உரசவும் துருப்பிடிக்கவும் விடுகிறது என்பது அதைவிடப் பெரிய குற்றம்.

டேங்க் முன்புறத்தில், முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வண்டியின் முழு நீளத்தையும் கடந்து டீசலை உறிஞ்சி இழுப்பது யந்திரத்தோடு ஒட்டிய சிறிய லிஃப்ட் பம்ப். வழியில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அது இன்னும் பலமாக இழுக்கும், இழுக்க இழுக்க, வயதான ரப்பர்க் குழாய்களின் இணைப்புகளில் வெளிக்காற்று உள்ளே புகும், யந்திரம் திணறும். பம்ப் போய்விட்டது என்று எண்ணிப் புதுப் பம்ப் மாட்டிக்கொள்கிறவர்கள் அநேகர்.

பிப்ரவரி 12

காலையில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, கட்டில் பலகையைத் தூக்கி, யந்திரத்தின் மேல் குனிந்து வேலை செய்யும் அந்த வினோதமான சுகத்தை மோட்டார் ஹோம்காரர்களைத் தவிர வேறு யாரும் அநுபவித்திருக்க மாட்டார்கள். நீரைப் பிரிக்கும் ஃபில்டரின் அடியில் கண்ணாடிபோல் தெளிவான கிண்ணம் ஒன்று உண்டு. அதன் திருகைத் தளர்த்தி ஜாம் பாட்டில் ஒன்றில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தேன். மேலே டீசல், நல்ல டீசலுக்குரிய இளமஞ்சளை இழந்து தேநீர் நிறத்தில் இருந்தது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஆறின பாலின்மேல் படரும் ஏட்டைப்போல, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பாட்டிலை மெல்லச் சாய்த்தால் அந்தப் படலம் கிழியாமல் மடிந்து, பிறகு நூல் நூலாக நீருக்குள் தொங்கிற்று.

இதைப் பாசி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சூரிய ஒளி எட்டிப் பார்க்காத உலோகத் தொட்டிக்குள் பாசி வளர ஹேது இல்லை. இது பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. அவற்றுள் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை பிரசித்தி பெற்றது. ஜெட் விமானங்களின் இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிகளில் குடிபுகுந்து, குழாய்களை அடைத்தும் அலுமினியத்தை அரித்தும், சென்ற நூற்றாண்டின் மத்தியில் விமானப் படைகளை விழிபிதுங்க வைத்தது அதுவே. அதற்கு ஆகாரம் டீசல். ஜீவிக்க இடம் நீர். டீசல் எவ்வளவு இருந்தாலும் நீர் இல்லாவிட்டால் அது பெருக முடியாது என்பதையும், சில துளி நீர் கிடைத்தாலும் அதற்குப் போதும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய டீசலையும் இன்றைய டீசலையும் ஒப்பிட்டு, பழைய நாட்கள் போய்விட்டனவே என்று வருந்துவது இந்த வட்டாரத்தில் ஒரு சம்பிரதாயம். அந்த வருத்தத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இந்நாட்டில் சாலையில் ஓடும் வண்டிகளுக்கான டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 5000 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்ததை, 1993-இல் 500 ஆகக் குறைத்தார்கள். 2006 முதல் 15 என்றாக்கினார்கள். கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பு, டீசலுக்கு இயற்கையாக இருந்த மசகுத் தன்மையையும் கொண்டுபோய்விடுவதால், அதை ஈடுசெய்யச் சுத்திகரிப்பாளர்களே ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். புது டீசலுக்கு மாறியபோது பழைய ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிந்ததும் உண்டு. தாவர எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் 5 சதவீதம் வரை கலந்திருந்தால் பம்பில் அறிவிப்பு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை; அந்தச் சரக்கோ, சாதாரண டீசலைவிடப் பல மடங்கு நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொண்டு, குளிர்ந்ததும் கீழே இறக்கிவிடும் சுபாவம் உடையது. ஆனால் நம் பாட்டிலின் அடியில் நிற்கும் இரண்டு விரற்கடை நீருக்கு இவையெல்லாம் போதுமான சமாதானம் ஆகமாட்டா.

பிப்ரவரி 13

பக்கத்து இடத்தில் வண்டி நிறுத்தியிருக்கும் கனவான், நான் பாட்டிலும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, “டேங்கை எப்போதும் நிரப்பியே வையுங்கள், பாதி டேங்கில் காற்று குளிர்ந்து வியர்த்து வரும் நீர்தான் இது” என்று உபதேசித்தார். இந்த உபதேசத்தைக் கேட்காத டீசல் வண்டிக்காரர் உலகத்தில் இருக்க முடியாது. நல்ல உபதேசந்தான், ஆனால் காகிதத்தையும் பென்ஸிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கு வேறு மாதிரி போகிறது.

டேங்கின் கொள்ளளவு 340 லிட்டர். பாதி காலி என்றால் காற்று 170 லிட்டர். 30 டிகிரி செல்ஸியஸில், இதற்குமேல் ஈரம் ஏற்க முடியாது என்னும் நிலையிலுள்ள காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீரே இருக்கும்; ஆகவே நம் டேங்கின் காற்று முழுவதையும் பிழிந்தாலும் கிடைப்பது 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மறுநாள் அதே காற்று மறுபடியும் நீரைத் தராது; புதுக்காற்று உள்ளே வரவேண்டும். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், தொட்டி ஓர் இரவில் உள்ளே இழுக்கும் மூச்சு ஏழெட்டு லிட்டருக்கு மேல் போகாது. அதிலுள்ள நீர் கால் கிராமுக்கும் குறைவு. அது அவ்வளவும் ஒரு துளி மிஞ்சாமல் அடியில் தங்கினாலும், ஆறு மாதத்தில் கால் டம்ளர்கூடச் சேராது.

இன்று டேங்கின் அடித்திருகைக் கழற்றி நான் இறக்கிய நீரோ ஏறக்குறைய அரை லிட்டர். பூஞ்சைக்குத் துளி நீரே போதுமாகையால் டேங்கை நிரப்பி வைப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரை லிட்டர் நீர் காற்றின் வியர்வையாக வரவில்லை, நீராகவே வந்திருக்கிறது.

பிப்ரவரி 14

இறால் படகுகளின் யந்திரங்களைப் பார்த்தே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் துறைமுகத்தருகே இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் யந்திரத்தின் பக்கமே போகவில்லை. “ஃபில்டரைப் பார்த்தது போதும். டீசல் ஊற்றுகிற வாயைக் காட்டுங்கள். எங்கள் படகுகளில் நீர் ஏறுவது எப்போதும் மூடி வழியாகத்தான்” என்றார்.

வண்டியில் டீசல் ஊற்ற இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்றாக இரண்டு வாய்கள். பம்பின் எந்தப் பக்கத்தில் போய் நின்றாலும் சௌகரியம் என்று செய்த ஏற்பாடு. ஒவ்வொன்றும் ஒரு சிறு மாடம்போல் உடம்புக்குள் பதிந்து, மேலே ஒரு கதவோடு இருக்கிறது. இடப்புறத்து மாடத்தில் குறை ஒன்றுமில்லை. வலப்புறத்துக் கதவைத் திறந்தவர், ஒன்றும் பேசாமல் தம் சுண்டுவிரலால் மாடத்தின் அடிமூலையைச் சுரண்டினார். பொலபொலவென்று செம்மண் உதிர்ந்தது. மழைநீர் வடிய வேண்டிய துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டின் ஒரு அறைக்குள், குஞ்சுக்கென்று குளவி மயக்கிக் கொண்டுவந்து அடைத்த சிலந்திகளின் உலர்ந்த கால்கள் தெரிந்தன. பிறகு வண்டிக்கடியில் படுத்து, டேங்க் காற்று வாங்கவும் விடவும் உள்ள மெல்லிய குழாயின் முனையைக் காட்டினார். அங்கும் அதே கைவேலை, அதே மண். மூடியின் உட்புறத்து ரப்பர் வளையமோ நகத்தால் அழுத்தியபோது வளையாமல் வெடித்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது விளங்கிவிடுகிறது. கோடைப் பகலில் வெய்யிலில் நிற்கும் வண்டியின் தொட்டி காய்ந்து, உள்ளிருக்கும் காற்று விரிந்து, மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பதால் வெடித்த வளையத்தின் வழியே வெளியேறுகிறது. மாலையில் வளைகுடா மேகம் திரண்டு பெருமழையாகக் கொட்டும்போது, வண்டியின் பக்கவாட்டில் வழியும் நீர் மாடத்தில் இறங்கி, வடிகால் இல்லாமல் மூடியைச் சுற்றித் தேங்குகிறது. அதே நேரத்தில் தொட்டி திடீரென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, இழந்த மூச்சைத் திரும்ப இழுக்கிறது. காற்றை இழுக்க வேண்டிய வழி அடைபட்டிருக்கையில், தேங்கிய மழைநீரை அல்லாமல் வேறு எதை அது இழுக்கும்? காற்றின் ஈரத்தைக் கிராம் கணக்கில் அளந்துகொண்டிருந்த தொட்டிக்கு, ஒரே மழையில் ஒரு டம்ளர் நீர் கிடைத்துவிடுகிறது.

மெக்கானிக் ரப்பர் வளையத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். மூச்சுக்குழாயின் முனையில் நுண்ணிய பித்தளை வலை ஒன்றைச் செருகி, “காற்று போகும், குளவி போகாது” என்றார்.

பிப்ரவரி 17

மூடியைச் சரிசெய்த பிறகே மருந்துக்கு மதிப்பு. கடைகளில் வரிசையாக நிற்கும் டீசல் மருந்துகளில், நீரை நுண்துளிகளாக உடைத்து டீசலோடு கலந்து யந்திரத்தின் வழியே அனுப்பிவிடுவோம் என்று சொல்லுகிறவை ஒரு வகை. நீரைத் திரட்டி அடியில் இறக்கி, ஃபில்டரில் வடித்துவிட வைப்பவை இன்னொரு வகை. முதல் வகை என் பம்பின் வாசலுக்கு வரவேண்டாம் என்பது என் தீர்மானம். எந்த நீரைத் தடுக்க ஃபில்டர் வைத்திருக்கிறோமோ, அந்த நீரையே மாறுவேடத்தில் உள்ளே அனுப்புவதற்குக் காசு கொடுப்பானேன்? பூஞ்சையைக் கொல்லும் மருந்து இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அதைத் தேவைப்பட்டபோது மட்டும், லேபிளில் கண்ட அளவுப்படி, கையுறை போட்டுக்கொண்டு பிரயோகிக்க வேண்டும்.

முதலில் டீசலைச் சலித்தோம். டேங்கின் மேலிருக்கும் அளவுமானித் தகட்டைக் கழற்றி, அந்த வழியாக ஒரு குழாயை அடிவரை இறக்கி, மின்சாரப் பம்பால் உறிஞ்சி, முதலில் 30 மைக்ரான், பிறகு 10, கடைசியில் 2 மைக்ரான் என்று சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டே போய், டேங்கின் மறுகோடியில் ஊற்றினோம். எடுத்த எடுப்பிலேயே 2 மைக்ரானைப் போட்டால் நாலு நிமிஷத்தில் அது அடைத்துக்கொண்டு, கைச்செலவுதான் மிச்சமாகும். சல்லடையை மாற்றுவதில் அவசரம் உதவாது; டீசலை இழுக்கும் வேகத்திலோ நிதானம் உதவாது. மெல்ல இழுத்தால் தெளிந்ததே மீண்டும் மீண்டும் வந்து சுற்றும், அடிமண்டி அசையாது. வேகமாக இழுத்துக் கலக்கினால்தான், டீசல் அலையாமல் இருக்கத் தொட்டிக்குள் வைத்திருக்கும் தடுப்புத் தகடுகளின் மூலைகளில் ஒளிந்திருப்பதும் வெளியே வரும். அதிலும் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

சலித்து முடித்து, நீர் கண்டால் சிவப்பாக மாறும் பசையைக் கம்பில் தடவி அடிவரை விட்டுப் பார்த்து, நிறம் மாறவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே மருந்தை விட்டேன். நீர் இருக்கும்போதே மருந்தைக் கொட்டுவது, வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு ஈயை விரட்டுகிற காரியம். செத்த பூஞ்சையும் மறைந்துபோவதில்லை. தகடுகளிலிருந்து உரிந்து விழுந்து, சில நாட்களுக்கு ஃபில்டரை முன்னைவிட வேகமாக அடைக்கும். ஆகையால் உபரியாக ஃபில்டர்களை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். வடித்த நீரும் கசடும் மூடிய கேனில் கவுண்டியின் அபாயக் கழிவு நிலையத்துக்குப் போகும்.

பிப்ரவரி 20

மருந்து விட்ட பின் முதல் ஃபில்டரை மாற்றியாயிற்று; எதிர்பார்த்தபடியே கறுத்திருந்தது, கிண்ணத்தில் நீர் இல்லை. லிஃப்ட் பம்பின் மேலுள்ள ரப்பர்க் குமிழைக் கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியபின், யந்திரம் இரண்டு முறை இருமிவிட்டுச் சீரான சத்தத்தில் நிலைத்தது. கொபானோ பாலத்துக்குப் போய் ஏறி இறங்கினோம், வேகம் தளரவில்லை.

டீசல் நிரப்ப, லாரிகள் இடைவிடாமல் வந்துபோகும் நெடுஞ்சாலைப் பங்க்குக்கே போவது என் வழக்கம். சரக்கு நாள்பட்டுத் தங்காத இடம் அது. இன்று அங்கே டாங்கர் லாரி நிலத்தடித் தொட்டியில் டீசலை இறக்கிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் அடிமண்டி கலங்கி மேலே வரும் என்பதால், நிரப்பாமலே திரும்பினேன். இருக்கும் டீசலில் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் குளிர்சாதனத்தின் பாரத்தோடு ஓட்டலாமா என்று பார்த்தால், அதன் உறிஞ்சு குழாய் டேங்கின் கால் பங்கு உயரத்திலேயே நின்றுவிடுவதால், அளவுமானி காட்டும் கோட்டில் அது எடுக்குமா என்பது சந்தேகம். நாளைக் காலையில் பங்க்குக்கு மறுபடியும் போகவேண்டும்.